ஹூடி போட்ட ஜீனியஸும் பக்கத்து பெஞ்ச் பையனும்

இந்த வாரம் ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிப்போம். கண்ணை மூடிக்குங்க. 'கம்ப்யூட்டர் வைரஸ் எழுதுறவன்'னு சொன்னதும் மனசுக்குள்ள என்ன படம் ஓடுது?

இருட்டு ரூம். கறுப்பு ஹூடி. முகம் தெரியாது. நாலு மானிட்டர்ல பச்சை எழுத்து மழை மாதிரி கொட்டும். நம்ம ஆளு கீபோர்டை 'தடதட'னு தட்டுவார். முப்பதே செகண்ட். அடுத்த சீன்ல ஏதோ ஒரு நாட்டோட பேங்க் மொத்தமா காலி! கரெக்டா?

சரி, கண்ணைத் திறங்க. இப்போ நிஜமான ஒருத்தரைக் காட்டுறேன். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா. அங்கே செல்போன் ரிப்பேர் பண்ணுற ஒரு சின்னக் கடை. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்குமே, அதே மாதிரிதான். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த, நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதரை ஜெஃப் வைட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார். பெயர் ஓனல் டி குஸ்மான். 2000-ம் வருடம் உலகத்தையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸை எழுதியது தான்தான் என்று, கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து அவர் வாய் திறந்து ஒப்புக்கொண்டார். 2020-ல் அந்தச் செய்தி வெளியானது.

ஹூடி இல்லை. பச்சை எழுத்து இல்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த ஒரு சாதாரண மனுஷன். நம்ம மனசுல இருக்கிற படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப் போறோம். 'அதைத் தெரிஞ்சு எனக்கென்ன பாஸ்?'னு கேட்காதீங்க. இந்த மேட்டர்ல கடைசியா வந்து நிற்கப்போறதே நீங்கதான்!

ஒரு காதல் கடிதத்தின் கதை

2000 மே 4. பல நாடுகள்ல, காலையில ஆபீஸுக்கு வந்து மெயிலைத் திறந்தவங்களுக்கு ஒரே ஷாக். சப்ஜெக்ட்டில் 'ஐ லவ் யூ'. அனுப்பினது யாரோ தெரியாத ஆள் இல்லை. கூட வேலை பார்க்கிறவர், மேனேஜர், பழைய க்ளாஸ்மேட்! கூடவே ஒரு அட்டாச்மென்ட். பேர் 'லவ் லெட்டர் ஃபார் யூ'. முடிவில் 'டிஎக்ஸ்டி' என்று இருந்ததால் சாதா டெக்ஸ்ட் ஃபைல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அது ப்ரோக்ராம் என்பதற்கான வால். ஆனால், விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்துவிடும்.

க்ளிக் பண்ணினால் போச்சு. கம்ப்யூட்டரில் இருக்கிற போட்டோக்கள் மாதிரியான ஃபைல்களை அழித்து, அந்த இடத்தில் தன்னையே எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்து, உங்க அட்ரஸ் புக்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் உங்க பேரிலேயே காதல் கடிதம் போகும். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மெயிலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பென்டகனும் தப்பவில்லை.

இவ்வளவையும் பண்ணினவர் எப்பேர்ப்பட்ட மூளைக்காரர்? மணிலாவில் கம்ப்யூட்டர் படித்த 24 வயதுப் பையன். அப்போ இன்டர்நெட்டுக்குக் காசு கட்டணும். அவரிடம் காசு கிடையாது. அதனால் அடுத்தவர்களின் இன்டர்நெட் பாஸ்வேர்டைத் திருடும் ஒரு ப்ரோக்ராமைக் கல்லூரியில் ப்ராஜெக்ட்டாகவே கொடுத்துப் பார்த்தார். கல்லூரி அதை ஏற்கவில்லை. 'நாங்க திருடங்களை உருவாக்குறதில்லை'ங்கிற அர்த்தத்தில் அந்தத் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் மணிலாவில் இருக்கிற கம்ப்யூட்டர்களில் மட்டும் வேலை செய்கிற மாதிரிதான் அதை வைத்திருந்தாராம். ஒரு ஆர்வத்தில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். எல்லோருக்கும் காதல் வேணும் என்பதால் அந்தப் பேரையும் வைத்தார். அனுப்பிவிட்டு நண்பரோடு வெளியே போய்விட்டார். மணிலாவில் போலீஸ் ஒரு ஹேக்கரைத் தேடுவதாக அம்மா சொன்ன பிறகுதான் விஷயத்தின் வீரியமே அவருக்குப் புரிந்திருக்கிறது.

அப்புறம்? பிலிப்பைன்ஸில் அப்போது இதற்கென்று ஒரு சட்டமே கிடையாது! 2000 ஜூனில் அவசரமாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால், மே மாதம் செய்த காரியத்துக்கு ஜூன் மாதச் சட்டம் செல்லாதே? வழக்கைக் கைவிட்டார்கள். 'நம்ம ஊர்ப் பையன் உலகத்தையே கலக்கிட்டான்ல'னு பெருமைப்பட்டவர்கள்கூட அங்கே இருந்தார்கள். அந்தப் பெருமை அவருக்குச் சோறு போடவில்லை. தான் செய்ததற்கு வருந்துவதாகத்தான் அந்தக் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

ஜீனியஸா... அட போங்க பாஸ்!

வைரஸ் எழுதணும்னா மூளை பயங்கரமா வேலை செய்யணும் என்பது முதல் மூடநம்பிக்கை. 2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவா பேரில் ஒரு வைரஸ் வந்தது. 'போட்டோ அனுப்பியிருக்கேன்'னு மெயில் வரும். ஆசையா க்ளிக் பண்ணினா போட்டோ வராது, வைரஸ்தான் வரும். அதை அனுப்பியது நெதர்லாந்தின் ஸ்னேக் என்ற ஊரில் இருந்த 20 வயது இளைஞர். உட்கார்ந்து விடிய விடிய கோடு எழுதினாரா? ம்ஹூம்! அர்ஜென்டினாக்காரர் ஒருவர் செய்து வைத்திருந்த ரெடிமேட் 'வைரஸ் தயாரிப்புக் கருவி'யை எடுத்துக்கொண்டார். இட்லி மாவு பாக்கெட்டைப் பிரிச்சு ஊத்துற மாதிரி வேலை முடிந்தது.

ரகளை பெரிதானதும் பயந்துபோய் அவரே போலீஸில் சரணடைந்தார். 150 மணி நேர சமூக சேவை தண்டனையாகக் கிடைத்தது. இதில் காமெடி என்ன தெரியுமா? அவர் கைதான கையோடு, அந்த ஊர் மேயரே 'படிப்பை முடிச்சுட்டு வரட்டும், வேலைக்கு இன்டர்வியூ வைக்கிறோம்' என்கிற ரீதியில் பாராட்டினார்!

நிஜமாகவே மூளைக்காரர் எழுதினாலும் கதை சரியாகப் போகும் என்று சொல்ல முடியாது. 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இன்டர்நெட்டில் ஒரு ப்ரோக்ராமை விட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பரவுவதுதான் அதன் வேலை. எதையும் அழிக்காது. 'நான் ஏற்கெனவே இங்கே இருக்கேனா?' என்று கேட்டுவிட்டு, இருந்தால் பேசாமல் போய்விட வேண்டும். 'இருக்கே'னு யாராவது பொய் சொல்லித் தடுத்துட்டா? அதற்காக, ஏழு தடவையில் ஒரு தடவை பதிலைக் கண்டுகொள்ளாமல் குடியேறு என்று எழுதிவைத்தார். அங்கேதான் சறுக்கல். ஒரே கம்ப்யூட்டரில் பிரதி மேல் பிரதியாகக் குவிந்து, மெஷின்கள் மூச்சுத் திணறி விழுந்தன. அன்றைய இன்டர்நெட்டில் ஏறத்தாழ 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு!

மோரிஸுக்கு மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அவர் பிற்பாடு எம்.ஐ.டி-யில் பேராசிரியர் ஆனார். 'பார்த்தியா, வைரஸ் எழுதினவர் ப்ரொஃபசர் ஆயிட்டார்'னு கேன்டீன்ல யாராவது அளந்துவிட்டா, மணிலா ரிப்பேர் கடையையும் சேர்த்துச் சொல்லுங்க.

கைதட்டல் யாருக்கு?

அடுத்த கதை ஜெர்மனி. 2004 மே மாதத் தொடக்கத்தில் 'சாசர்' என்று ஒரு வைரஸ். இதற்கு நீங்க எதையும் க்ளிக் பண்ணவே வேணாம். அப்டேட் பண்ணாத விண்டோஸ் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோடு இணைந்திருந்தாலே போதும், தானாக உள்ளே வரும். கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ஆஃப் ஆகி ஆன் ஆகும். பின்லாந்தில் ஒரு வங்கி, முன்னெச்சரிக்கையாக 130 கிளைகளையும் பூட்டிவைத்தது. பிரிட்டனில் கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் கடலோரக் காவல் அமைப்பு, கம்ப்யூட்டர் வரைபடம் வேலை செய்யாமல் காகித வரைபடத்தை விரித்து வைத்து வேலை பார்த்தது.

எழுதியவர் ஸ்வென் யாஷான். வாஃபன்சென் என்ற சின்ன கிராமம். அப்போதுதான் 18 வயது முடிந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் அறிவித்த இரண்டரை லட்சம் டாலர் பரிசுத் திட்டத்தைப் பார்த்து, அவரைத் தெரிந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். மைனராக இருந்தபோது எழுதியதால் தண்டனை லேசானது. 21 மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

உலகம் முழுக்க இது பெரிய நியூஸ். 'வைரஸ் எழுதினா வேலை நிச்சயம்'ங்கிற வதந்தி காலேஜ் காலேஜா பரவினது இந்த மாதிரிக் கதைகளால்தான். ஆனா, ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? இந்தக் கதைகள்ல எழுதினவர் பேர் தெரியும், வயசு தெரியும், ஊர் தெரியும். அன்னிக்கு பேங்க் வாசல்ல பணம் எடுக்க முடியாம திரும்பிப் போனவர் பேர் யாருக்காவது தெரியுமா? வருஷக்கணக்கா சேர்த்த போட்டோவைக் காதல் கடிதத்துக்குப் பறிகொடுத்தவர் பேர்? தெரியாது. நாம கேட்டதே இல்லையே!

அந்த லேப்பில் ஒரு பிப்ரவரி

என் சொந்தக் கதைக்கு வர்றேன். நான் படித்த காலத்தில் பென் டிரைவ்தான் ராஜா. ஒரு பென் டிரைவ் பத்து ரூமுக்குப் போய் வரும். கூடவே பத்து வைரஸும் வரும். ஃபோல்டர் மாதிரியே இருக்கும். டபுள் க்ளிக் பண்ணினா அது ப்ரோக்ராம். 'ஃபார்மட் பண்ணிடு மச்சி'தான் எல்லாத்துக்கும் மருந்து.

எங்க க்ளாஸில் ஒருத்தன் இருந்தான். அதிகம் பேச மாட்டான். யாரும் அவனைப் பெருசா கண்டுக்கவும் மாட்டோம். ஒரு நாள் எங்கிருந்தோ காப்பி அடித்த பத்துப் பன்னிரண்டு வரியைக் கொஞ்சம் மாற்றி, லேப் கம்ப்யூட்டர்களில் ஏற்றிவிட்டான். எல்லோருடைய வேர்ட் ஃபைல்களையும் மறைத்து வைத்துவிட்டு, ஒரு கிண்டல் மெசேஜ் காட்டுவதுதான் திட்டம். சாயங்காலம் அவனே திருப்பி எடுத்துக் கொடுப்பான். ஆனால், ஒரு வரி தப்பாகிவிட்டது. ஃபைல்கள் மறையவில்லை. அழிந்துவிட்டன.

அன்னிக்கு ஹாஸ்டலில் அவன்தான் ஹீரோ. 'எப்படிடா பண்ணினே?'னு அவனைச் சுத்தி செம கூட்டம். முதல் தடவையா அவனுக்கு மெஸ்ஸில் இடம் பிடித்து வைத்தார்கள். கைதட்டினவர்களில் நானும் ஒருத்தன்.

ரெண்டு நாள் கழித்து லேப்பில் ஒரு சீனியர் அக்கா தனியா உட்கார்ந்திருந்தாங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மொத்தத்தையும் மறுபடி டைப் பண்ணிட்டு இருந்தாங்க. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சொந்தமா பென் டிரைவும் கிடையாது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவங்க. ஒவ்வொரு பக்கத்தையும் இங்கிலீஷில் யோசித்து யோசித்து எழுதி, லேப் டைம்ல மட்டும் டைப் பண்ணி, அந்த லேப்பிலேயே சேமித்து வைத்திருந்தாங்க. வைவாவுக்கு ஐந்து நாள் இருந்தது. 'யாரு பண்ணினதுன்னு தெரியுமாக்கா?'னு நான் கேட்டேன். தெரிஞ்சும் கேட்டேன் பாருங்க! 'யாரு பண்ணினா என்னப்பா, இனிமே டைப் பண்ண வேண்டியது நான்தானே'னு தலை நிமிராமல் சொன்னாங்க.

அவனை நான் வில்லன்னு சொல்ல வரலை. அவன் நல்லவன்தான். அந்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு ராத்திரி அவங்க கையெழுத்துப் பிரதியை வாங்கி டைப் பண்ணிக் கொடுத்தான். கைதட்டின எங்களில் ஒருத்தர்கூட போகலை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டுன்னு புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

ஆராய்ச்சியும் அதையேதான் சொல்லுது

1990-களில் சாரா கோர்டன் என்ற ஆராய்ச்சியாளர் வைரஸ் எழுதுகிறவர்களையே தேடிப்போய்ப் பேசினார். ஊரெல்லாம் அவர்களை மனநோயாளி, ராட்சசன் என்று பேசிக்கொண்டிருந்த காலம். அவர் கண்டது வேறு. எல்லோரையும் அடைக்கிற மாதிரி ஒரே அச்சு கிடையாது. அவர் பார்த்த டீன் ஏஜ் பையன்கள் அந்த வயசுக்கு உரிய சாதாரணப் பையன்கள். வயசும் பொறுப்பும் ஏற ஏற, பலர் தாங்களாகவே அதை விட்டுவிட்டார்கள்.

பிரிட்டனின் தேசியக் குற்றவியல் அமைப்பு 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015-ல் அவர்கள் விசாரித்த சைபர் வழக்குகளில் சிக்கியவர்களின் சராசரி வயது 17! பணம்தான் முதல் காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. சவாலை முடித்துக் காட்டுவது, நண்பர்கள் மத்தியில் பேர் வாங்குவது, இவைதான் பலரை உள்ளே இழுத்திருக்கின்றன.

புரியுதா? 'செம மச்சி'னு நாம சும்மா சொல்லிட்டுப் போற வார்த்தைதான் பல பேருக்குப் பெட்ரோல்.

ஒரே ஆள்... ஹீரோவும் அவரே, குற்றவாளியும் அவரே!

2017 மே 12. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, '300 டாலர் பிட்காயினில் கட்டு' என்று மிரட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்டுகள் ரத்தாயின. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. இதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டது என்பதுதான் கொடுமை.

இதை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ். பிரிட்டனில் கடலோரச் சிற்றூர் ஒன்றில், அப்பா அம்மா வீட்டில் இருந்த 22 வயது இளைஞர். அந்த வைரஸ் ஏதோ ஒரு வெப்சைட் முகவரியைத் தேடுவதைக் கவனித்தார். அந்த முகவரியை யாரும் வாங்கியிருக்கவில்லை. 10 டாலர் 69 சென்ட் கொடுத்து அவர் வாங்கிப் போட்டார். வைரஸைக் கண்காணிக்கத்தான் வாங்கினார். அதுவே வைரஸுக்கு பிரேக் ஆகிவிட்டது. உலகமே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

மூன்றே மாதம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் அவரைக் கைது செய்தார்கள். சில வருடம் முன்பு, வங்கிக் கணக்கு விவரங்களைத் திருடும் 'க்ரோனோஸ்' என்ற வைரஸை எழுதியதில் அவருக்குப் பங்கு இருந்தது. 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் திருந்தி நல்லது செய்ததையும் நீதிபதி எடை போட்டார். மேற்கொண்டு சிறை இல்லை, ஒரு வருடக் கண்காணிப்பு மட்டும் என்று தீர்ப்பு வந்தது.

ஹட்சின்ஸை எந்தப் பெட்டியில் போடுவீங்க? ஜீனியஸ் பெட்டியா, ராட்சசன் பெட்டியா? ரெண்டிலும் அடங்க மாட்டார். தப்பான கூட்டத்தில் ஆரம்பித்து, சரியான பக்கம் வந்து, பழைய பாக்கியையும் கட்டின ஒரு இளைஞர். அவ்வளவுதான்.

இப்போ அவங்களுக்கு வேண்டியது உங்க மூளை இல்லை!

சரி, 'நீங்கதான் கடைசியில வந்து நிற்கப்போறீங்க'னு சொன்னேனே, அங்கே வந்தாச்சு.

விளையாட்டுக்கு வைரஸ் எழுதி ஊரைக் கலக்கிய காலம் மலையேறிவிட்டது. இன்றைய சைபர் குற்றம் ஒரு ஆபீஸ் மாதிரி. எழுதுறவர் தனி, அதை வாடகைக்கு விடுறவர் தனி, போனில் பேசி ஏமாத்துறவர் தனி, பணத்தைக் கைமாத்துறவர் தனி. அந்தக் கடைசி வேலைக்குத்தான் காலேஜ் பசங்க தேவைப்படுறாங்க. 'உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் இவ்வளவு தர்றோம். ஏடிஎம் கார்டும் சிம்மும் போதும்'னு தெரிஞ்ச பையனே வந்து கேட்பான். ஹூடி போட்டிருக்க மாட்டான். சிரிச்சுக்கிட்டே டீ வாங்கிக் கொடுப்பான்.

எங்கேயோ ஒரு ரிட்டயர்டு வாத்தியாரை 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம்'னு மிரட்டிப் பிடுங்கின பணம் உங்க அக்கவுன்ட் வழியா போகும். அப்படி ஒரு அரெஸ்ட்டே நம்ம சட்டத்தில் கிடையாது. ஆனா, உங்களை அரெஸ்ட் பண்ண சட்டம் இருக்கு! அக்கவுன்ட் உங்க பேரில், ஆதார் உங்க பேரில். போலீஸ் வந்து நிற்கிறதும் உங்க வீட்டு வாசலில்தான். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்'னு சொல்லி வெளியே வர எத்தனை வருஷம் ஆகும்னு யோசிங்க. கேம்பஸ் இன்டர்வியூ, பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் நடுவுல அந்த வழக்கு வந்து நிற்கும்.

இன்னொரு வலை வெளிநாட்டு வேலை. 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம்' என்று விளம்பரம். போனவர்களை எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பகுதிக்குக் கடத்திக்கொண்டு போய், ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்யவைத்தார்கள். 2022-ல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழக இளைஞர்களும் உண்டு. இப்படிப்பட்ட வேலைகளை நம்பாதீர்கள் என்று ஐடி தெரிந்த இளைஞர்களுக்கென்றே அந்த வருடம் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. உங்க மொபைலுக்கு வரும் ஏமாற்று மெசேஜை டைப் பண்ணுறவர், முதுகுக்குப் பின்னால் காவல் நிற்க, அழுதுகொண்டே டைப் பண்ணும் ஒரு பட்டதாரியாகக்கூட இருக்கலாம். நம்ம மனசுல இருக்கிற அந்த ஹூடி படத்தில் இவங்களுக்கு இடமே இல்லை, பாருங்க.

அதான் சொல்றேன்... படம் தப்பா இருந்தா, ஆள் பக்கத்துல வந்து உட்கார்ந்தாலும் நமக்குத் தெரியாது.

கை அரிக்குதா? வழி இருக்கு!

'எனக்கு நிஜமாவே பூட்டை உடைச்சுப் பார்க்கிற ஆர்வம் இருக்கு சார்'னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆர்வத்தில் தப்பே இல்லை. யாருடைய பூட்டு, அவங்க அனுமதி கொடுத்தாங்களா என்பதுதான் கேள்வி. பெரிய கம்பெனிகள் 'எங்க சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிச்சா பரிசு'னு கூப்பிட்டுக் கொடுக்கின்றன. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டை மாற்றும் முறையில் இருந்த ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, ஊரைக் கலக்காமல் கம்பெனிக்கே சொன்னார். 2019-ல் ஃபேஸ்புக் அவருக்குக் கொடுத்தது 30,000 டாலர்! மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் இருந்த அதே மாதிரி ஒரு ஓட்டைக்கு 2021-ல் 50,000 டாலர்! அதே மூளைதான், அதே கீபோர்டுதான். திட்டு வாங்கலை, கேஸ் வாங்கலை, யாருடைய ப்ராஜெக்ட்டும் அழியலை.

அனுமதி இல்லாமல் செய்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, கெட்ட நோக்கத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றுவதற்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நம்ம ஊர்ல 'அப்போ சட்டம் இல்லையே'னு தப்பிக்க வழி கிடையாது.

அடுத்த தடவை உங்க க்ளாஸில் எவனாவது 'மச்சி, அவ ஐடியை ஹேக் பண்ணிட்டேன்'னு வந்து நின்னா, 'எப்படிடா?'னு கேட்காதீங்க. 'யாரோடது? அவங்களுக்கு என்ன ஆச்சு?'னு கேளுங்க. நாங்க அன்னிக்குக் கேட்காத கேள்வி அது.

ஏமாந்துட்டீங்களா? வெட்கப்படாதீங்க!

'ஏமாந்தவன் முட்டாள்'னு ஒரு நினைப்பு நமக்கு. அதனாலதான் பல பேர் வெளியே சொல்றதே இல்லை. டாக்டரும் ஏமாறுறார், பேங்க்கில் வேலை பார்த்தவரும் ஏமாறுறார்.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

மத்திய அரசின் சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். மெசேஜ், ஸ்க்ரீன்ஷாட், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீங்க.

பேங்க் அக்கவுன்ட், சிம், ஏடிஎம் கார்டு மூன்றையும் உயிர் நண்பனே கேட்டாலும் கொடுக்காதீங்க.

போனில் 'அப்டேட்' என்று வந்தால் 'பிறகு பார்க்கலாம்'னு தள்ளாதீங்க. வான்னாக்ரை ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ரெண்டு இடத்தில் சேமித்து வைங்க. அது அந்த அக்கா எனக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்த பாடம்.

அடுத்த வாரம் சந்திப்போமா ஃப்ரெண்ட்ஸ்?